நா துன்னல சார்

போன மாதம் என்னைப் பழைய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களிடம் அரை மணி நேரம் என் அனுபவத்தைப் பேச வேண்டுமாம். அரை மணி நேரம்! நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமவே அதில் பாதி போய்விடும். மிச்சத்தைப் புரொஜெக்டர் தின்றுவிட்டது. கடைசியில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜெனிஃபர் எழுந்து, கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்றை எல்லாருக்கும் காட்டினாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. குழந்தையின் கையில் ஒட்டிவிட்டால் சர்க்கரை அளவு அம்மாவின் போனுக்கு வந்துகொண்டே இருக்கும். விரலைக் குத்திக் குத்திப் புண்ணாக்க வேண்டாம்.

"இனிமே பசங்க நம்மகிட்ட பொய்யே சொல்ல முடியாது சார்" என்றாள் ஜெனிஃபர். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெனிஃபர் நல்ல பெண், கெட்டிக்காரி, என்னைவிட அழகாகப் பாடம் எடுப்பாள். சென்சாரைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான் தொண்டையில் மீன் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தும் இறங்கவில்லை. அரை மணி நேரத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். ஜெனிஃபர் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நான் நர்சிங் படித்தவன். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கடைக்காரர்கள். அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். நான் மட்டும் ஊசியைப் பிடித்தேன். சித்தப்பா மகன்கள் கல்யாண வீடுகளில் "ஏல, ஊசி எப்படி இருக்க?" என்றுதான் இன்றுவரை கேட்கிறார்கள். படித்து முடித்து, பெரியவர்கள் வார்டில் சில வருஷம் புண் கட்டி, பிறகு குழந்தைகளுக்கான சர்க்கரைப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். அங்கே என் வேலைக்குச் சரியான பெயர்கூட அப்போது கிடையாது. பிள்ளைகள் 'சுகர் சார்' என்று கூப்பிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

முதல் நாள் வகுப்பே அவமானம். "தலை சுற்றினால் உடனே சீனி சாப்பிட வேண்டும்" என்றேன். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு வாண்டு எழுந்து, "சீனின்னா இன்னா சார்? சீனாவுலயா வித்துகினு கீறாங்க?" என்றான். எங்கள் வீட்டில் சர்க்கரைக்குச் சீனி என்றுதான் பேர். கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கதவருகே நின்றிருந்த கமலா டாக்டரும் சேர்ந்து சிரித்தார்.

கமலா டாக்டர்தான் அந்தப் பிரிவை நடத்தியவர். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். குள்ளமாக, கதர்ப் புடவையில், எப்போதும் பேனாவைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார். வடசென்னைக்கு வந்த புதிதில் வார்டு ஆயாக்களிடம் உட்கார்ந்து இந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டார். கிண்டலுக்குப் பேசுவதில்லை. அந்தப் பேச்சின் மேல் அவருக்கு ஒரு ஆசை இருந்தது, மரியாதையும் இருந்தது. ஆனால் உச்சரிப்பில் மயிலாப்பூர் போகவில்லை. "இன்னாம்மா, உடம்பு எப்டி கீது?" என்று அவர் கேட்டால், வேஷ்டி கட்டிய ஐயர் லுங்கியை மடித்துக் கட்டிய மாதிரி இருக்கும். ஜனங்கள் அதற்காகவே அவரை நேசித்தார்கள்.

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து அவர் குட்டி ஸ்டூலில் உட்காருவார். குழந்தை குனிந்துதான் டாக்டரைப் பார்க்க வேண்டும். அம்மா அப்பா சொல்வதைக் கடைசியில்தான் கேட்பார். அப்புறம், அவர் எதையும் சொல்லிக்கொடுப்பதோடு விடமாட்டார். செய்து காட்டச் சொல்வார். சாத்துக்குடியில் தண்ணீரை ஏற்றிப் பழகிவிட்டுத்தான் பிள்ளைகள் தங்கள் தொடைக்கு வருவார்கள். மருந்துப் பாட்டிலைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும். அடியில் தங்கிய வெள்ளை, பால் மாதிரி ஒரே சீராகக் கலக்கும் வரை. எத்தனை அளவு எடுக்கப் போகிறோமோ அத்தனை காற்றை முதலில் உள்ளே தள்ள வேண்டும். பிறகு பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மருந்தைக் கண்ணுக்கு நேராக வைத்து இழுக்க வேண்டும். குமிழி இருந்தால் சுண்டிவிட வேண்டும். நேற்றுப் போட்ட இடத்திலேயே இன்று போடக் கூடாது. ஒவ்வொன்றையும் பிள்ளை தன் கையால் செய்து காட்டும் வரை மருந்துச் சீட்டில் அவர் கையெழுத்து விழாது. அந்த நேரத்துக்குள் பேனாவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

இந்த வேலையில் ஊசியைவிட வார்த்தைதான் ஆபத்து என்று எனக்குப் புரிய வைத்தவன் வியாசர்பாடிப் பையன் பிரபா. பதினாறு வயசு, கால்பந்து ஆடுவான். ஒரு நாள் மைதானத்தில் அவனுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கால் பின்ன, நாக்குக் குழற, நடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டான். பார்த்தவர்கள் "இந்த வயசுலயே சரக்கு போட்டுகினு வந்துட்டான் பாரு" என்று திட்டினார்கள். "அவனுக்கு சுகர் கீது" என்று யாரோ சொன்னதும் நிலைமை இன்னும் மோசமானது. டீ கொடுக்கப் போனவர் கையிலிருந்து இன்னொருவர் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். சுகர் இருக்கிறவனுக்குச் சர்க்கரை போட்ட டீயா என்று அவருக்குக் கோபம். நல்ல எண்ணத்தில்தான் பிடுங்கினார். பிரபாவோடு ஒரு தரம் துணைக்கு எங்கள் வகுப்புக்கு வந்திருந்த அவன் தோஸ்து மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "சுகர் கீதுன்னா வேற, சுகர் எறங்கிச்சின்னா வேற, நகருங்கய்யா" என்று கத்தி, குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தான். கொஞ்ச நேரத்தில் பிரபா தலையைத் தூக்கி, "ஸ்கோர் இன்னா மாமு?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கூட்டாளியை வகுப்புக்கு அழைத்து வர வேண்டும் என்று கமலா டாக்டர் புதுச் சட்டம் போட்டார்.

இனி வனிதாவுக்கு வருகிறேன். இவளுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

வனிதா புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வந்தவள். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒல்லி, ரெட்டைப் பின்னல், எதற்கும் முன்னால் போய் நிற்கிற குணம். முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மூச்சு இரைக்க, வாயில் அழுகிய பழம் மாதிரி வாடை. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது. மீட்டரில் எண்ணே வரவில்லை. அளவு தாண்டிப் போனால் அந்த மெஷின் 'ஹை' என்பதற்குச் சுருக்கமாக ஆங்கிலத்தில் H, I என்று ரெண்டு எழுத்து மட்டும் காட்டும். கண் திறந்த பிறகு வனிதா அதைப் படித்துவிட்டு, "சார், மெஷின் எனுக்கு ஹாய் சொல்லுது" என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

சீக்கிரம் தேறினாள். சாத்துக்குடியும் தொடையும் அவளுக்கு ஒன்றுதான், பயமே கிடையாது. பக்கத்துக் கட்டிலில் அழுத பையனுக்கு அவளே பாடம் எடுத்தாள். ஊசி போடுவதில் அவள்தான் அந்த வருஷத்து முதல் மாணவி என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினோம்.

மறுபடி வந்துவிட்டாள். அதே இரைப்பு, அதே வாடை, அதே 'ஹாய்'. வார்டில் படுக்க வைத்து நாங்கள் மருந்து போட்டதும் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. வீட்டுக்குப் போனால் ஏறியது. அதே அளவு மருந்து, அதே இட்லி, அதே பெண். அப்படியானால் வீட்டில் என்ன நடக்கிறது?

வனிதாவின் அப்பா ஏழுமலை, குல்ஃபி ஐஸ் வியாபாரி. மத்தியானம் வீட்டிலேயே பாலைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, சாயங்காலம் தள்ளுவண்டியில் மணி அடித்துக்கொண்டு கிளம்புவார். அவர் தொழிலைச் சொன்ன உடனே நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ன நினைத்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை. குல்ஃபிக்காரர் மகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. இதற்கு மேல் யாருக்கு என்ன துப்பு வேண்டும்?

"துன்னுட்டு துன்னுட்டு இல்லேன்னுது சார்" என்றார் அவளுடைய அம்மா செல்வி. "நானும் சொல்லிப் பாத்துட்டேன், அடிச்சிப் பாத்துட்டேன். நெஞ்சு அழுத்தம் அதுக்கு."

"நா துன்னல சார்" என்றாள் வனிதா.

"பீலா வுடாத. அப்ப எப்டி ஏறுது?"

"எனுக்கு எப்டிம்மா தெரியும்? நா துன்னல. ஸ்கூல் மேல சத்தியம்."

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். தலையணை உறைக்குள் மைசூர்பாகை ஒளித்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன், ஊசியை ஜன்னல் வழியே பீய்ச்சிவிட்டுத் தொடையைத் தேய்த்துக்கொண்டு வந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பேசும்போது கண்ணை எங்காவது வைப்பார்கள். இவள் நேராகப் பார்த்தாள். நேராகப் பார்க்கிற பொய்யர்களும் உண்டு என்று என் மூளை சொன்னது. இவள் இல்லை என்று மனசு சொன்னது. அந்த மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மீட்டர் வேறு மாதிரி சொல்கிறதே.

ஏழுமலை குல்ஃபி வைக்கும் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். சாவி செல்வியின் இடுப்பில். அப்படியும் சர்க்கரை ஏறியது. உடனே, வெளியே யாரோ வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று ஆனது. அவளோடு பேசக் கூடாது என்று கூட்டாளிப் பெண்களுக்குத் தடை. ஹவுசிங் போர்டில் பொடிசுகள் அவளைக் 'குல்ஃபி திருடி' என்று கூப்பிட ஆரம்பித்தன. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் யாராவது தின்பண்டத்தைப் பிரித்தால் எழுந்து தள்ளிப் போய் உட்காருவாளாம், அதையும் தன் மேல் சொல்லிவிடுவார்கள் என்று.

மூன்றாவது முறை அவளைக் கொண்டுவந்தபோது நினைவே இல்லை. கமலா டாக்டர் இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு ஏழுமலையையும் செல்வியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அன்று அவர் இந்த ஊர்ப் பேச்சைப் பேசவில்லை.

"இன்னொரு தடவை இப்படி வந்தா, இந்தக் குழந்தையை என்னால திருப்பிக் கொடுக்க முடியுமான்னு தெரியல" என்றார்.

ஏழுமலை படிக்கட்டில் உட்கார்ந்து துண்டை வாயில் பொத்திக்கொண்டார். "இந்த ஐஸே வாணாம்மா. தொழில வுட்டுட்டு ஆர்பர்ல மூட்டை தூக்கப் போறேன்" என்றார்.

உள்ளே நான் ஊசியோடு போனால் வனிதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போட்டாலும் ஏறுது, போடாங்காட்டியும் ஏறுது. எப்டியும் நாந்தான் திருடி. எனுக்கு ஒண்ணியும் வாணாம் சார், வுட்ருங்க" என்றாள். பன்னிரண்டு வயசுப் பெண் பேசுகிற பேச்சா இது? நான் ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு கமலா டாக்டர் வந்து, அவளைக் கெஞ்சி, தானே போட்டுவிட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை வகுப்பில் அவளையும் உட்கார வைத்தோம். காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு யாருக்கும் பாட்டில், ஊசி எதுவும் கொடுக்காதீங்க. வெறுங்கையால செஞ்சு காட்டட்டும். காலையில பாயைச் சுருட்டுறதுலேர்ந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும். ஒண்ணையும் விடக் கூடாது" என்றார். அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நடிக்கிற ஜோரில் வனிதாவின் கை அவளை மீறி எங்காவது போகும், எங்கே எதைத் தின்கிறாள் என்று பிடித்துவிடலாம் என்பதுதான்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருத்தன் குழாயடிச் சண்டையையே நடித்தான். இன்னொருத்தன் பல் துலக்காமலே ஊசிக்குப் போய்த் திட்டு வாங்கினான். வனிதாவின் முறை வந்தது. வர மாட்டேன் என்றவளை அந்தப் பக்கத்துக் கட்டில் பையன்தான் இழுத்து விட்டான்.

பாயைச் சுருட்டினாள். முகம் கழுவினாள். அம்மாவிடம் சாவி வாங்கினாள். எதையோ திறந்தாள். கையை உள்ளே விட்டு எதையோ எடுத்தாள். டாக்டர் ஸ்டூலில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

எடுத்ததை வனிதா இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். உருட்டப் போகிறாள் என்று நினைத்தேன். உருட்டவில்லை. வாயருகே கொண்டுபோய் ஹா, ஹா என்று ஊதினாள். பிறகு அதை அக்குளில் செருகிக்கொண்டு, கையை இறுக்கியபடி நின்று, தலை பின்ன ஆரம்பித்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னம்மா பண்றே?" என்றார் டாக்டர்.

"மருந்து உருக வாணாமா டாக்டரம்மா? ரெட்டை ஜடை பின்னி முடிக்கறதுக்குள்ள உருகிடும்."

வகுப்பில் இன்னும் சிரிப்பு ஓயவில்லை. டாக்டரின் முகம் மட்டும் மாறிவிட்டது.

"மருந்து எங்கேருந்து எடுத்தே?"

"ஐஸ் பொட்டிலேர்ந்து. நீங்கதான சொன்னீங்க, ஐஸ் பொட்டில வெக்கணும்னு?"

"ஃப்ரிட்ஜா?"

"எங்க வூட்ல ஏது டாக்டரம்மா ஃப்ரிட்ஜு? நைனாவோட குல்ஃபி பொட்டி."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்சுலின் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஒரு தரம் உறைந்துவிட்டால் அது செத்த மருந்து. உருக்கிப் போட்டாலும் பச்சைத் தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குல்ஃபிப் பெட்டியில் இருப்பது வெறும் ஐஸ் இல்லை. கல் உப்பு கலந்த ஐஸ். உப்புப் போட்டால்தான் பால் கல்லாக உறையும்.

கமலா டாக்டரின் மயிலாப்பூர் வீட்டில் அந்தக் காலத்தில் ஃப்ரிட்ஜுக்கு ஐஸ் பெட்டி என்று பேர். ஃப்ரிட்ஜ் என்றால் சிலர் புரியாமலே தலையாட்டுவார்கள் என்று, இந்த ஜனங்கள் வாயில் வருகிற மாதிரி அதை 'ஐஸ் பொட்டி' ஆக்கிக்கொண்டார். மருந்து வைக்க வசதி உண்டா என்று அவர் விசாரித்த நாளில் நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "வூட்ல ஐஸ் பொட்டி கீதாம்மா?" என்று கேட்டார். "கீது டாக்டரம்மா, நல்லா பெர்சாவே கீது" என்று செல்வி பெருமையாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் திருப்தி.

டாக்டர் என்னை உடனே கிளம்பச் சொன்னார். ஏழுமலையோடு ஷேர் ஆட்டோவில் புளியந்தோப்புக்குப் போனேன். வழியெல்லாம் அவர், "இன்னா சார் விஷயம்? என்னா துன்னுச்சாம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பார்க்காமல் சொல்லக் கூடாது என்று நான் வாயைத் திறக்கவில்லை.

செல்வி சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். மரப் பெட்டி, உள்ளே தகரம். உப்பும் ஐஸுமாக நிரம்பி, வரிசையாகக் குல்ஃபி அச்சுகள். ஒரு மூலையில், ஐஸுக்குள் கழுத்துவரை புதைத்த எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குக் குங்குமம் வைத்திருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மருந்துப் பாட்டில், கல் மாதிரி.

"கொஞ்சங்கூட சூடு படக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சே சார்" என்றார் செல்வி. "ஐஸு கரைஞ்சிச்சின்னா போட்டது போட்டபடி ஓடுவேன். வாங்கியாந்து கொட்டி, உப்பு போட்டு மூடிட்டுத்தான் அடுப்பாண்ட வருவேன். வியாபாரத்துக்குக்கூட அப்டி பாக்க மாட்டேன் சார்."

என் வேலையில் நான் சொன்ன செய்திகளிலேயே கஷ்டமான செய்தி அதுதான். இதைவிடப் பெரிய துக்கங்களைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்ததே! மெதுவாகச் சொன்னேன். செல்வி கேட்டார். கேட்டு முடித்து, பெட்டியின் மூடியைச் சாத்தினார். பூட்டைக் கையில் எடுத்தவர் மாட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது துன்னலயா சார்?" என்றார்.

"இல்லைம்மா."

"அடிச்சேனே சார்."

ஏழுமலை வாசற்படியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழியிலேயே உருகிவிட்டது. கமலா டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல உருட்டினார். பால் மாதிரி சேரவே இல்லை. திரிந்த பாலின் துணுக்குகள் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் பாட்டிலை மேஜையில் வைத்தார். பிறகு பிள்ளைகளை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வனிதாவை நாற்காலியில் உட்காரச் சொல்லித் தன் ஸ்டூலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வனிதா எதுவும் சாப்பிடல. அவ சொன்னது அத்தனையும் நிஜம். மருந்துதான் கெட்டுப் போச்சு. அது கெட்டுப் போனது நான் சொன்ன வார்த்தையால. என்னை மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

எத்தனையோ பெரிய டாக்டர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தையிடம், மற்ற குழந்தைகளுக்கு முன்னால், அப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்று பக்தியாகவே மாறிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வனிதா அழவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "இங்க சொன்னா யாருக்குத் தெரியும் டாக்டரம்மா? எங்க போர்டுல வந்து சொல்லுவீங்களா?" என்றாள்.

"வரேன்" என்றார் டாக்டர்.

ஐஸ் பொட்டி என்ற வார்த்தை எங்கள் பிரிவில் அன்றோடு ஒழிந்தது. மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்பதையே நிறுத்திவிட்டோம். போய்ப் பார்ப்போம், அல்லது வைக்கிற பாத்திரத்தோடு கொண்டுவந்து காட்டச் சொல்வோம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு, மண் பானையில் ஈர மணலைப் போட்டு நடுவில் சின்னக் கலயம் வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். எண்ணூர், வள்ளூர்ப் பக்கமெல்லாம் என் சைக்கிளில் பானை கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். புது மருந்து போட்ட வாரத்திலேயே வனிதாவின் மீட்டரில் எண் வந்துவிட்டது. இப்போது மாதவரத்தில் குடித்தனம், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. தன் ஊசியைத் தானே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

டாக்டர் சொன்னபடி, வனிதா வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புளியந்தோப்புக்கு வந்தார். நானும் கூடப் போனேன். வனிதா புதுப் பாவாடை சட்டையில் கீழேயே காத்திருந்தாள். குழாயடியில் நின்ற பெண்கள், மாடிப் படியில் உட்கார்ந்திருந்த பையன்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், யாரையும் விடாமல் அவளே கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்தாள். டாக்டர் நடுவில் நின்று, தனக்குத் தெரிந்த இந்த ஊர்ப் பேச்சு முழுவதையும் திரட்டி உரக்கச் சொன்னார்: "இந்தப் பொண்ணு ஒண்ணியும் துன்னல. நாந்தான் ராங்கா சொல்ட்டேன். இனிமே இத்த யாரும் திருடின்னு கூப்டக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "டாக்டரே சொல்லிச்சில்ல, வுடுங்கப்பா" என்றார். கூட்டத்தில் 'த்சொ த்சொ' என்று சத்தம் கேட்டது. செல்வி மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஏழுமலை வண்டிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். அச்சுகளைப் புரட்டிப் புரட்டி, நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்தார். அச்சைத் தண்ணீரில் நனைத்து, குல்ஃபியை உருவிக் குச்சியில் செருகி, டாக்டரைப் பார்த்தார். எப்போதாவது ஒன்று சாப்பிடலாம், அதற்குத் தகுந்த மாதிரி மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் தலையாட்டினார். ஏழுமலை எல்லாருக்கும் முன்னால் மகளிடம் வந்து நின்று அதை நீட்டினார்.

"துன்னு கண்ணு. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

வனிதா வாங்கவில்லை.

"எனுக்கு வாணாம் நைனா. எனுக்கு குல்ஃபின்னாலே புடிக்காது. அந்த பால் வாசனையே புடிக்காது, சின்ன வயசுலேர்ந்து. யாருமே கேக்கல."